ஏற்றத்தில் எங்கே நோகும்?

சுவிஸ்
11.12.2005

அன்புள்ள சீதேவிக்கு,

இங்கே எனக்குச் சுகம்தான். நீ சுகமில்லாமல் இருந்தால் மறைக்காமல் எழுது. போன மாரியில் வந்த காய்ச்சலை ஊரெல்லாம் அறிந்த பிறகுதான் நான் அறிந்தேன்.

உணவகத்துப் பாத்திர வேலையை விட்டுவிட்டேன். இப்போது மலையடியில் ஒரு கடையில் நிற்கிறேன். பனியில் சறுக்குகிற பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடை. முதலாளி பெயர் றூடி. நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் வெள்ளாடு மாதிரிக் கத்துவார். அவர் என்னை நம்பி ஒரு பொறுப்புத் தந்திருக்கிறார். புதிதாக வந்திருக்கிற அகலப் பலகையில் மலை ஏறி இறங்கி, அது எப்படிப் போகிறது என்று நான் சொல்ல வேண்டும்.

அதை ஸ்பிளிட்போர்ட் என்கிறார்கள். நான் பிரிபலகை என்று பெயர் வைத்திருக்கிறேன். நீளவாட்டில் இரண்டாகப் பிரியும். ஒரு காலுக்கு ஒரு பாதி. அடியில் மயிர் வைத்த பட்டியை ஒட்டினால் முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. அப்படியே நடந்து உச்சிக்குப் போய், பட்டியை உரித்துவிட்டு, இரண்டு பாதியையும் கொளுவி ஒன்றாக்கி, அதன்மேல் நின்று இறங்க வேண்டும். நம் ஊர் அம்மன் கோயில் கொம்பு விளையாட்டில் வடசேரிக் கட்சியின் வளைந்த கொம்பையும் தென்சேரிக் கட்சியின் கொம்பையும் கொளுவுவார்களே, அந்த மாதிரி. அங்கே ஒன்று முறியும்வரை இழுப்போம். இங்கே முறிந்தால் ஆள் முடிந்தான்.

கொம்பு என்று எழுதியதும் நம் கல்யாணத்துக்கு முந்திய அந்த வருடத்து விளையாட்டு ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் தென்சேரிக் கொம்பு முறிந்து, வென்ற எங்கள் பக்கத்துப் பொடியன்கள் வழக்கம்போல உன் வாசலில் வந்து வசை பாடியபோது, நான் ஒருவன் மட்டும் வாயைத் திறக்காமல் நின்றேன். நீ கிடுகு வேலிக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாய். இன்றுவரை இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே, வடசேரியார் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்.

உன்னை இங்கே கூப்பிடுகிற அலுவல் நடக்கிறது. கடவுச்சீட்டை எடுத்து வை.

உன் அன்பு மச்சான்,
அழகரத்தினம்


களுவாஞ்சிக்குடி
04.01.2006

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையை யாரோ பிரித்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். இப்போது எல்லாக் கடிதமும் அப்படித்தான் வருகிறது. வாசித்தவர் யாரோ, உங்கள் பலகையை விளங்கிக்கொண்டாரோ தெரியாது. எனக்கு விளங்கவில்லை.

மலைக்கு மேலே போக அங்கே கம்பியில் தொங்குகிற வண்டி இருக்கிறது என்று நீங்கள்தானே முன்பு எழுதினீர்கள்? பிறகு எதற்காக ஒருவன் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும்? திரும்பிக் கீழே வருவதற்காகவா? அதற்கு ஒருவர் சம்பளமும் தருகிறாரா? பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை மாமியிடம் வாசித்துக் காட்டினேன். (கொம்புக் கதையை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன்.) மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னா: "ஓம் கா, நல்ல வேலைதான். என்ர தம்பியும் சூரிச்சில பன்ரெண்டு வருசமா இரிக்கான். அவன் பனியக் கண்டா கதவப் பூட்டுவான். உன்ர புருசன் பனியில விளையாடுறானாம். ஆரோட விளையாடுறானெண்டு கேளு புள்ள."

கேட்கிறேன். யாரோடு?

தொலைபேசியில் கேட்டிருப்பேன். கொமினிகேசன் கடையில் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் என்னத்தைக் கேட்பது? கோபிக்க வேண்டாம். ஐந்து வருடமாகக் குரலையும் எழுத்தையும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவளுக்குச் சந்தேகம் வராமல் சந்தனமா மணக்கும்?

உங்கள் தோணியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடியில் கறையான் இல்லை, பார்த்தேன்.

உங்கள் சீதேவி


சுவிஸ்
28.01.2006

அன்புள்ள சீதேவிக்கு,

இலட்சுமிப்பிள்ளை மாமிக்கு என் கடிதத்தை வாசித்துக் காட்டாதே. அவவுடைய வாய்க்கு இந்த மலை காணாது.

கம்பி வண்டி போகிற இடத்தில் பனி மிதிபட்டு இறுகிப்போய்க் கிடக்கும். ஆள் மிதிக்காத மாப்பனி வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும். அகலப் பலகை அதற்காகவே செய்தது. ஏறும்போது அருமையாகப் பிடிக்கும். அகலமானபடியால் பனியில் புதையாது, களைப்பே தெரியாது. இறங்கும்போது சொல்லி வேலையில்லை. மூக்கு தானாக மேலே எழும், மிதந்துகொண்டு வருவோம். திருப்புவதற்கு ஒரு நினைப்பே போதும். பெரிய பாதக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பலகை கிடையாது. ஒல்லிப் பலகையில் அவர்களுடைய விரல் வெளியே நீட்டிப் பனியில் இழுபடும். நீ நம்புவதற்காகப் படமும் கீறி அனுப்புகிறேன், கொளுக்கி, ஆணி எல்லாம் போட்டிருக்கிறேன்.

யாரோடு என்று கேட்டாய். பனி சரிந்து மூடினால் தோண்டி எடுக்க ஓர் ஆள் வேண்டும், ஆகவே தனியாகப் போகக்கூடாது என்பது இங்கே சட்டம் மாதிரி. கடையில் வேலை செய்கிற றெகுலா என்கிற பெண் ஒல்லிப் பலகையோடு வருவார். அவ்வளவுதான். மனதில் வேறொன்றும் வைக்காதே.

உன் அன்பு மச்சான்,
அழகரத்தினம்


களுவாஞ்சிக்குடி
19.02.2006

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் கீறிய படத்தால் நான் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில் வெயிலில் நின்றேன். தபால் கந்தோரிலிருந்து வரும்போது கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். படத்தைப் பார்த்ததும் சிப்பாயின் முகம் மாறிவிட்டது. இரண்டாகப் பிரிகிறது, கொளுக்கி இருக்கிறது, ஆணி இருக்கிறது. பெரியவரைக் கூட்டிவந்தான். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "இது என்ன ஆயுதம்?" என்றார். "ஆயுதமில்ல ஐயா, என்ர புருசன் இதில ஏறிப் பனியில வழுக்குறாராம்" என்றேன். "உன் புருசனுக்கு இதற்கு யார் காசு தருகிறது?" என்றார். நான் என்ன சொல்வேன்? அதே கேள்வியைத்தான் நானும் உங்களிடம் கேட்டேன். அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. மத்தியானத்துக்குப் பிறகுதான் விட்டார்கள். படத்தை வைத்துக்கொண்டார்கள்.

சரி, இப்போது நான் விசாரிக்கிறேன்.

பெரிய பாதக்காரருக்குச் செய்த பலகை என்கிறீர்கள். உங்களுக்கு ஆறாம் நம்பர் செருப்பே கழன்று விழும். உங்களுக்கு ஏன் அதைத் தந்தார்கள்?

அதைக்கூட விடுங்கள். கச்சான் காற்றுக்கு எதிராக வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குத் தோணி விட்டுவிட்டு வந்த நாளில் நீங்கள் எப்படிக் கிடப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "தைலத்த எடு புள்ள, கம்பூண்டி ஊண்டிக் கையே கழண்டு போச்சு" என்பீர்கள். திரும்பி வந்ததைப் பற்றி ஒரு சொல்லும் வராது. காற்றோடு வந்தவன் என்னத்தைச் சொல்ல? உங்கள் கடிதத்தில் அது தலைகீழாகக் கிடக்கிறது. இறக்கம் இறக்கமாக எழுதுகிறீர்கள். ஏற்றத்தில் ஒரு மூச்சு வாங்கவில்லை. "களைப்பே தெரியாது." மலை ஏறினவன் சொல்கிற சொல்லா அது? கடைக்காரன் சொல்கிற சொல்.

நீங்கள் மலை ஏறவில்லை, மச்சான். ஏறாதவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள்? யாருடைய வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதுகிறீர்கள்? சும்மா ஒரு றெகுலாவை எனக்கு ஏன் காட்டினீர்கள்?

இந்த வீடும் வளவும் என் தாய் எனக்குத் தந்தவை. இதைப் பூட்டிவிட்டு ஒரு பொய்யைத் தேடி நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன். உண்மையாக ஏறுங்கள். ஏற்றத்தில் எங்கே நோகிறது என்று எழுதுங்கள். வாசித்தால் எனக்குத் தெரியும்.

சீதேவி


சுவிஸ்
26.03.2006

என் அன்புள்ள சீதேவிக்கு,

கெட்டிக்காரி. உன்னைச் சாவடியில் இருத்தியிருக்க வேண்டும்.

நீ சொன்னது சரி. நான் கடையின் கீழ் அறையில் பலகைக்கு மெழுகு தேய்க்கிறவன். சன்னலும் இல்லாத அறை. அகலப் பலகை றூடியுடையது, அவர் சொன்னதைத்தான் எழுதினேன். நிலக்கீழ் அறையில் நிற்கிறேன் என்று உனக்கு எழுத மனம் வரவில்லை. வேறொன்றுமில்லை, அம்மாளாணை.

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தேன். பிறகு றெகுலாவிடம் போய், என்னை மேலே கூட்டிப்போ என்றேன். ஏன் என்று கேட்டாள். என் மனைவி நம்பவில்லை என்றேன். சிரித்துவிட்டு, சரி வா என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை றூடியின் அகலப் பலகையை நான் இரவல் வாங்கிக்கொள்ள, இருவரும் ஏறினோம்.

எங்கே நோகும் என்று கேட்டாயே, எழுதிக்கொள். முதலில் தொடையின் உள்பக்கம். பாதிப் பலகையே அவ்வளவு அகலம், ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்கக் காலை அகட்டி அகட்டித் தாரா மாதிரி நடக்க வேண்டும். பிறகு குதிகால். சப்பாத்துக்குள் தோல் உரிந்து காலுறை நனைந்துவிட்டது. மாப்பனியில் பிழையில்லை, பட்டி நன்றாகப் பிடிக்கிறது, புதையவும் இல்லை. சாய்வான இடத்தில் காலைப்பனி இறுகிக் கிடக்கும்போதுதான் சனியன். குறுக்கே நடக்க வேண்டும். அகலப் பலகையின் விளிம்பு கடிக்காது, கணுக்காலை முறுக்கிக்கொண்டு கீழே இழுக்கும். இரண்டு தரம் சறுக்கினேன். இரண்டாம் தரம் றெகுலா தன் தடியை என் பலகைக்குக் கீழே ஊன்றி, தன் தோளைக் கொடுத்து நிறுத்தினாள். எனக்கு நெஞ்சு அடித்த அடி அவளுக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவள் முன்னால் போய்க் காலால் பனியை வெட்டிப் படி மாதிரிச் செய்துகொண்டே போனாள். நான் அந்தப் படியில் கால் வைத்து ஏறினேன்.

உச்சியில் என் விரல் விறைத்துவிட்டது. கொளுக்கியைப் போட முடியவில்லை. அவள் குந்தியிருந்து, கொளுக்கியை வாயால் ஊதிச் சூடாக்கிக் கொளுவினாள். அதைப் பார்த்ததும் நம் கொம்பு ஞாபகம் வந்து, அவளுக்கு வடசேரி தென்சேரி எல்லாம் சொன்னேன். வசை பாடாமல் நான் நின்ற கதையையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்தச் சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

இறங்கினது பெரிய விசயமில்லை. மிதந்தது, உண்மைதான். என் சின்னக் காலுக்கு அந்த அகலம் திரும்பவில்லை, மூன்று தரம் விழுந்தேன்.

இன்னுமொன்று, நல்ல செய்தி. உன்னைக் கூப்பிட அனுமதி வந்துவிட்டது. இனி நீ கொழும்புக்குப் போய் விசாவை எடுக்க வேண்டியதுதான். இப்போது நம்புகிறாய்தானே?

உன் அன்பு மச்சான்,
அழகரத்தினம்


களுவாஞ்சிக்குடி
20.04.2006

மச்சானுக்கு,

வருடப் பிறப்பன்று உங்கள் கடிதம் கைக்கு வந்தது. கைவிசேடம் போல வாங்கி வைத்து, பொங்கலை இறக்கிவிட்டுத்தான் வாசித்தேன். இந்த முறை மாமிக்கு வாசித்துக் காட்டவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஓம், நம்புகிறேன். தொடை நொந்ததை நம்புகிறேன், குதிகால் உரிந்ததை நம்புகிறேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நீங்கள் எனக்கு எழுதியதிலும் சொன்னதிலும் இவ்வளவு உண்மையாக ஒன்றும் இருந்ததில்லை. இறங்கினதை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். ஏற்றத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள், படுவான்கரைக்குப் போய் வந்த நாட்களில் சொல்வதைப் போல. அந்த ஏற்றம் முழுக்க அவள் நிற்கிறாள், மச்சான். நொந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு இடத்திலும் அவள்தான் இருக்கிறாள்.

நீங்கள் பிழை ஒன்றும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். செய்திருந்தால் இப்படிப் பச்சையாக எழுதியிருக்க மாட்டீர்கள். இன்னும் நீங்களே அறியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த வருடமும் அப்படித்தான். வாய் திறக்காமல் ஏன் நின்றோம் என்று உங்களுக்குத் தெரியவில்லை. வேலிக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

அந்தக் கதையை நான் என் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. சாகும்போதும் சொல்லவில்லை. நீங்கள் மலையில் வைத்துச் சொல்லியிருக்கிறீர்கள், அவள் சிரித்திருக்கிறாள். ஐந்து வருடமாகத் தொலைபேசியில் உங்கள் சிரிப்பை நான் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது, மறைக்கவில்லை. அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

உங்களைக் கீழ் அறையிலேயே விட்டிருக்கலாம். மெழுகு தேய்த்துக்கொண்டு, எனக்குப் பொய் எழுதிக்கொண்டு இருந்திருப்பீர்கள். ஏறு ஏறு என்று தள்ளினவள் நான்தான். மடைச்சி.

விசாவுக்கு நான் கொழும்பு போகவில்லை. சந்தேகம் இருந்தவரை வருவதாகத்தான் இருந்தேன், அதற்காகவே அவ்வளவு விசாரித்தேன். இப்போது சந்தேகம் இல்லை.

நேற்று படுவான்கரைப் பக்கம் செல் குண்டு விழுகிற சத்தம் கேட்டது. நம் வளவுக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். தோணியைக் கேட்டு ஒருவர் வந்தார், கொடுத்துவிட்டேன். கம்பை மட்டும் வைத்திருக்கிறேன், கூரைக்கு முட்டுக்கொடுக்க உதவும்.

ஏறும்போது குதிகாலுக்குத் துணி சுற்றிக்கொண்டு போங்கள்.

சீதேவி