அக்கா கேட்ட சிவப்பு

பிப்ரவரி 6

இன்றைக்கும் அதே வாசகம்தான். வெளியீட்டுச் சாதனம் எதுவும் இல்லை.

எடிட்டிங் சாஃப்ட்வேரைப் புதுப்பித்த நாளிலிருந்து இதே பாடு. படத்தை வெளியே பெரிய மானிட்டருக்குக் கொண்டுபோகும் கார்டு கம்ப்யூட்டருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கார்டோடு வந்த குட்டி புரோகிராமைத் திறந்தால் பெயர், மாடல் எல்லாம் காட்டுகிறது. படத்தைப் பெரிய மானிட்டருக்கு அனுப்ப வேண்டிய சாஃப்ட்வேருக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை. பெரிய மானிட்டர் கறுப்பாகவே நிற்கிறது. கம்ப்யூட்டர் திரையின் சின்ன ஜன்னலில் தெரியும் நிறத்தை நம்பி வேலை செய்ய முடியாது. அது தன் இஷ்டத்துக்கு நீலம் பூசும்.

வேறு படமாக இருந்தால் எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். இது அக்காவின் படம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பெண்களைப் பற்றியது. வெட்டு வேலை முடிந்துவிட்டது. பாக்கி நிறம் மட்டும்தான். வெள்ளைத் துணியும் ரத்தக்கறையும்தான் படமே. அந்த இரண்டு நிறமும் பிசகினால் படம் பிசகிவிடும். அடுத்த மாதம் விழாவுக்கு அனுப்பியாக வேண்டும்.

பிப்ரவரி 7

கார்டு விற்ற கடையின் சர்வீஸ்காரரோடு போனில் பேசினேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?" இதைக் கேட்காமல் அவரால் பேச்சைத் தொடங்கவே முடியாது போல. கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். போட்டேன். பழைய டிரைவரைப் போடச் சொன்னார். அதையும் போட்டேன். கீழே பல் ஆஸ்பத்திரியில் யாருக்கோ துளை போடும் சத்தம். என் மண்டைக்குள் போடுவது போலிருந்தது.

பிப்ரவரி 9

அக்கா வந்திருந்தாள். சின்ன ஜன்னலிலேயே ஓட்டிக் காட்டினேன். தொட்டிக்குள் போர்வையை அமுக்கும் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"என்னடா இது, சிவப்பே இல்ல? கறை எல்லாம் டீ கொட்டின மாதிரி இருக்கு."

எனக்குச் சிவப்பு நன்றாகவே தெரிந்தது. ஆனால் இந்தத் திரையை வைத்துக்கொண்டு எப்படி வாதாடுவது?

"கார்டு இன்னும் வேலைக்கு வரலக்கா. பெரிய மானிட்டர்ல பார்த்தாதான் சரியா சொல்ல முடியும்."

"அதான் பார்த்தேன். கார்டுதான் காரணம்." பெரிய பாரம் ஒன்று இறங்கியது போலச் சிரித்தாள். "சீக்கிரம் சரி பண்ணுடா கத்திரி."

ஊருக்கெல்லாம் நான் எடிட்டர். அவளுக்கு மட்டும் கத்திரி.

பிப்ரவரி 10

சாதனம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 13

கார்டைக் கழற்றி, தூசி ஊதி, வேறு இடத்தில் செருகிப் பார்த்தேன். அந்த இடத்தில் குட்டி புரோகிராமுக்கும் தெரியாமல் போனது. மறுபடி பழைய இடத்துக்கே மாற்றினேன். இருந்ததும் போச்சு என்று ஆகாமல் தப்பித்தேன்.

மதியம் மாமா வந்தார். பஸ் ஓட்டிவிட்டு யூனிஃபார்மோடு நேராக இங்கே. அவர் படியேறி வருவதே அபூர்வம். சுற்றி வளைத்து என்னென்னவோ பேசிவிட்டுக் கேட்டார்.

"உங்கக்கா என் மேல எதாவது கோவமா இருக்காளா?"

"ஏன் மாமா?"

"பக்கத்துல போய் நிக்கிறேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறா. நேரா முன்னாடி போய் நின்னாத்தான் பேசறா. நான் என்ன தப்பு பண்ணேன்னு சொன்னாத்தானே தெரியும்?"

படத்து நினைப்பில் இருப்பாள் மாமா, முடிந்ததும் சரியாகிவிடுவாள் என்றேன். தலையாட்டினார். நம்பின மாதிரி இல்லை.

பிப்ரவரி 16

சண்டை.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பை ஏற்றச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏற்றினேன். இன்னும் என்றாள். அளவு காட்டும் வரைபடத்தில் சிவப்புக் கோடு மேல் விளிம்பைத் தொட்டுவிட்டது. அதற்கு மேலும் ஏற்றினால் துணி துணியாக இருக்காது, பெயிண்டாகிவிடும் என்றேன்.

"ஜனங்க படம் பார்க்கறது கண்ணால. உன் கோட்டால இல்ல."

"என் கண்ணுக்கும்தான் சிவப்பா தெரியுதேக்கா!"

"அப்போ எனக்குத்தான் தெரியலையா? இருபது வருஷமா இதே வேலைதானே பண்றேன்?" பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நான் சொன்ன மாதிரி வை. கார்டு வந்ததும் யார் சொன்னது சரின்னு பார்க்கலாம்."

அவள் சொன்னபடியே வைத்துவிட்டேன். படம் முழுக்க. படம் அவளுடையது. நான் யார், கத்திரிதானே.

பிப்ரவரி 18

அக்கா நேற்று வந்து உள்ளே நுழையும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். நல்ல இடி. "எவன்டா இங்க கதவு வெச்சான்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கதவு அங்கேதான் இருக்கிறது, நான் இந்த அறையை எடுத்த காலத்திலிருந்து.

ஏன் இதை எழுதுகிறேன்? தெரியவில்லை. இன்று முழுக்க அதுவே கண்ணில் நிற்கிறது.

பிப்ரவரி 21

கார்டு வந்துவிட்டது!

சர்வீஸ்காரர் காலையில் தானாகவே கூப்பிட்டார். ஒரு விஷயம் கேட்க மறந்துட்டேன் சார், வேற ஏதாவது புரோகிராம் அந்தக் கார்டைப் பயன்படுத்துதா என்றார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். "பின்னாடி ஓடறதையும் பாருங்க. கார்டு ஒரு சமயத்துல ஒருத்தர் கையிலதான் இருக்கும். வேற யாராவது முன்னாடியே பிடிச்சு வெச்சிருந்தா, உங்க சாஃப்ட்வேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது."

பார்த்தேன். ஒரு நிகழ்ச்சியை நேரலையில் அனுப்புவதற்காக நான் போட்ட புரோகிராம். வேலை முடிந்ததும் மறந்தே போனேன். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் அதுவும் சத்தமில்லாமல் எழுந்து கார்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பழியெல்லாம் புதுப்பித்த சாஃப்ட்வேர் மேல். அந்தப் புரோகிராமை நிறுத்திவிட்டு எடிட்டிங்கைத் திறந்தேன். பட்டியலில் கார்டின் பெயர். பெரிய மானிட்டர் விழித்துக்கொண்டது.

படத்தை ஓட்டினேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு கொடூரம். தொட்டித் தண்ணீர் பற்றி எரிகிறது. பெண்களின் கைகள் வெந்துபோனது போல இருக்கின்றன. வெள்ளைத் துணி ரோஜா நிறம். கறை கறையாகவே இல்லை, மேடை நாடகத்து ரத்தம்.

அவள் ஏற்றச் சொன்னதை ஒவ்வொன்றாக இறக்கினேன். பழைய அளவுக்கு வந்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. முன்னே இருந்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால்?

போன் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்து, நாளைக்கு வாக்கா என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 22

எழுதிவிட வேண்டும். எழுதாமல் தூக்கம் வராது.

அக்கா வந்து பெரிய மானிட்டருக்கு நேராக உட்கார்ந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினேன். தொட்டிக் காட்சி. அந்தம்மா போர்வையை அமுக்கியபடி பேசுகிறாள்: "ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணிதான். சுடுதண்ணி ஊத்தினா கறை அங்கேயே குடியேறிடும்."

"நிறுத்து," என்றாள் அக்கா. "பெரிய மானிட்டர்ல படம் வருது. ஆனா இன்னும் அதே பழுப்புதானே? கார்டு முழுசா வேலை செய்யலையா?"

"கார்டு வந்துடுச்சுக்கா."

"எப்போ?"

"நேத்து. எல்லாம் சரியா இருக்கு."

அக்கா எழுந்து மானிட்டர் அருகே போனாள். மூக்கு உரசும் அளவுக்கு. போர்வையின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன நிறம்?"

"சிவப்பு."

"எவ்ளோ சிவப்பு?"

"ரத்தம் எவ்ளோ இருக்குமோ அவ்ளோக்கா."

வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தாள். பிறகு இடது கண்ணை. மறுபடி வலது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஏத்தச் சொன்னது?"

"எடுத்துட்டேன்."

"நல்ல வேலை பண்ணே." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வந்து உட்கார்ந்தாள். நாற்காலி ஓரத்தில் உட்காரப் போய்ச் சரிந்தாள், பிடித்தேன். என் கையை விடவில்லை.

"கார்டுதான்னு நெனச்சேன்டா. கார்டாவே இருக்கணும்னு நெனச்சேன். தினம் காலைல எழுந்து, இன்னிக்கு இவன் சரி பண்ணிடுவான், எல்லாம் பழையபடி தெரியும்னு..."

"டாக்டர்கிட்ட போலாம்க்கா."

"மாமாகிட்ட நானே சொல்றேன். நீ வாயத் திறக்காதே."

போகும்போது கதவு நிலையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 23

கடவுளே, கண்ணாடி மாற்றினால் தீர்கிற விஷயமாக இருக்கட்டும்.

பிப்ரவரி 26

கண் ஆஸ்பத்திரி. நானும் மாமாவும் கூட.

டாக்டர் அம்மா ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் அக்காவின் முகத்தை வைத்தார். எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அந்தப் பட்டன் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நீண்ட நேரம் வரவேயில்லை. அச்சாகி வந்த தாளில் இரண்டு ஓரமும் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு சந்து மாதிரி வெளுப்பு. இவ்வளவு நாளாக அந்தச் சந்து வழியாகத்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளா?

கடைசியில் டாக்டர் ஒரு சொட்டு மருந்துக் குப்பியின் மூடியைக் காட்டி என்ன நிறம் என்றார். எனக்கும் மாமாவுக்கும் கண் கூசும் சிவப்பு.

"பழுப்பு," என்றாள் அக்கா.

மாமா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 28

ஸ்கேனில் கட்டி. மூளையின் அடியில், கண் நரம்புகள் சேரும் இடத்தை அழுத்திக்கொண்டு. மூக்கு வழியாக எடுப்பார்களாம். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். பார்வையைப் பற்றி உறுதி சொல்ல மாட்டாராம். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முன்னாடி. நான் டிரைவரை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்த நாட்கள். அவள் சிரித்தாளே, கார்டுதான் காரணம் என்று? நான்தானே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன்! என் கண்ணுக்குச் சிவப்பு தெரிந்ததே, தெரிந்துமே...

மாமா பஸ் நிறுத்தத்தில் சொன்னது: "கோவமா இருக்கான்னு நெனச்சு நானும் ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தேன்டா."

மார்ச் 3

நாளை மறுநாள் ஆபரேஷன். அக்கா போனில், படத்தை நான் இல்லாமலே முடித்து அனுப்பிவிடு என்றாள். கறை இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் நிறுத்தி, என்ன நிறம் என்று எனக்குச் சொல்லு என்றாள். சொன்னேன். கருஞ்சிவப்பு. காய்ந்த சிவப்பு. தண்ணீரில் கரைகிற சிவப்பு. "அது போதும், அப்படியே வை," என்றாள். "துணி?" என்றாள். வெள்ளை என்றேன்.

மார்ச் 5

ஆபரேஷன் முடிந்தது. கட்டி முழுதும் வந்துவிட்டதாம்.

மார்ச் 11

இன்று டாக்டர் கையை அசைத்துக் காட்டினார். டார்ச் அடித்தார். வெளிச்சம் இருக்கா இல்லையா என்பது அக்காவுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்.

மாமா கட்டிலுக்கு நேராகப் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மார்ச் 15

படத்தை அனுப்பினேன். கடைசியாக ஒரு முறை பெரிய மானிட்டரில் முழுதும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அணைத்துவிட்டு, கீழே இறங்கித் தெருவில் சும்மா நடந்தேன்.

ஏப்ரல் 2

படம் தேர்வாகியிருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "அந்த அம்மாக்களைக் கூட்டிட்டுப் போ" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 14

காலையில் மாமா வேலைக்குப் போகிற வழியில் அக்காவைக் கொண்டுவந்து விட்டார். வீட்டில் பைத்தியம் பிடிக்கிறது என்றாளாம். ஒவ்வொரு படியாகக் காலால் தேடி ஏறி வந்தாள். நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் நின்றேன். அவளே இழுத்து, மானிட்டருக்கு முதுகு காட்டி, ஸ்பீக்கரைப் பார்க்கப் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் வெளிச்சம் குத்துதுடா. நீ உன் வேலையைப் பாரு."

ஏதோ ஒரு கம்பெனிக்கான பேட்டி. ஓட்டினேன். கொஞ்சம் போனதும் கையைத் தூக்கினாள்.

"அந்தாள் மூச்சு இழுக்கறதுக்குள்ள வெட்டிட்ட."

எனக்குக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். ஆமாம், வெட்டியிருந்தேன். வெட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி ஓட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். சரியா அக்கா என்று கேட்டேன்.

"அடுத்ததைப் போடு," என்றாள்.