இடது கையால் கொடுக்க

8, செவ்வாய்

ஆமாம், வேலை கேசினோவில்தான், காசு வைத்து ஆடுகிற இடத்தில். கோவாவில், ஆற்றிலேயே நிற்கிற கப்பலில். காலேஜை விட்டவனுக்கு எவன் வேலை தருவான் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

காலையிலிருந்து பேய்க்காற்று. திராட்சைப் பந்தல் மொத்தமும் ஆடுகிறது.

தேவி அக்கா போன். சித்தி மகள். அங்கே டீலர், அதாவது மேசையில் சீட்டுப் போட்டு, ஜெயித்தவருக்கு சிப் என்கிற காசுவில்லையைத் தள்ளுகிற ஆள். "புதுக் கப்பல் வருதுடா, ஆள் எடுக்காக. வெள்ளிக்கெழம வீடியோல டெஸ்ட். என் பேரக் கெடுத்த, கொன்னேபுடுவேன்."

இப்போது அவள் வேலை பார்க்கிற கப்பலின் விளம்பர வீடியோ அனுப்பினாள். பதினோரு தடவை பார்த்தாயிற்று. மேல்தளத்தில் ஆட்டம், பாட்டு, புகை, லைட்டு. பாடகி உயிரைக் கொடுத்துப் பாடுகிறாள். சீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒரு தலைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் அக்கா விரலில். சீட்டு அவள் கையிலிருந்து வழுக்கிப் போய் நின்ற இடம், கோடு போட்ட மாதிரி. நம்ம ஊர் கே.கே.பட்டியில் பழம் பறித்த கையா இது!

9, புதன்

பயிற்சி. பழக்கிரேட்டைக் கவிழ்த்தால் மேசை. சோடா மூடிதான் சிப்.

சீட்டு சரியாக விழுகிறது. சிக்கல் வேறு. இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு இடது கையால், வலப்பக்கத்தவருக்கு வலது கையால் தள்ள வேண்டும். வலது கை குறுக்கே போனால் உடம்பு திரும்பிவிடும், பாதி மேசை கண்ணுக்குத் தப்பும். அப்படிப் போனால் டெஸ்டில் பெயில்.

இருபது வருஷத்தில் இடது கையால் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. நீட்டினாலே கூசுகிறது.

அம்மாவை இடப்பக்கம் உட்கார வைத்தேன். மூடியைத் தள்ளியதும் கையில் பட்டென்று ஒரு அடி. "பெத்தவளுக்கு எடது கையாலயா நீட்டுவ?"

விஷயத்தைச் சொன்னேன். மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நீயும் ஆடுவியா?"

"ஆடுனா வேலையே போயிரும்மா."

10, வியாழன்

வலது கையைத் துண்டால் கட்டிக்கொண்டு திரிந்தேன்.
- பல் தேய்த்தது: சரி.
- சட்டை பட்டன்: அரை மணி.
- டீக்கடையில் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தது: "ஏலே, கை சொகமில்லையா, இல்ல கொழுப்பா?"

அக்காவுக்குச் சொன்னேன். சிரித்தாள். "மொத வாரம் நானும் ஒவ்வொருத்தருக்கா மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டேன்டா."

11, வெள்ளி

தேனி. நண்பன் குமரனின் ஜெராக்ஸ் கடையில் டெஸ்ட், அங்கேதான் நெட் நிற்கும். ஆட வேண்டியவர் இரண்டு பேர். வலப்பக்கம் குமரன். இடப்பக்கம் வருகிறேன் என்றவன் வரவில்லை. துணைக்கு வந்த அம்மாவே உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு மேடம். சிரிப்பே கிடையாது.

குமரன் தோற்றான். அம்மா ஜெயித்தாள். தள்ள வேண்டும். இடது கை மேசையோடு ஒட்டிக்கொண்டது. வலது கை கிளம்பிவிட்டது.

அம்மா உதடு அசையாமல்: "எடது கையாலயே குடுடா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

தள்ளினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், கோயிலில் வாங்குகிற மாதிரி. கேமரா, மேடம், குமரன் எதுவும் தெரியவில்லை. அம்மா கை மட்டும்.

அப்புறம் ஒன்பது ஆட்டம். ஒன்றில்கூடக் கை குறுக்கே போகவில்லை.

மேடம் சிரித்தார். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்.

அக்கா போனில் கத்திய கத்தில் குமரன் காதைப் பொத்திக்கொண்டான். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஒங்க அப்பாட்ட நான் பேசிக்கிறேன். பக்கத்துல நீ நின்னாப் போதும்."

வெளியிலிருந்து கூப்பிடுகிறாள், கம்பம் பஸ் வந்துவிட்டதாம். போக வேண்டும்.