இருபது நொண்டி

21.7.2025, திங்கள்

இன்றிலிருந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதப்போகிறேன். அம்மா இந்த நோட்டைத் திறக்கவே மாட்டாள். இப்போது தூங்கிவிட்டாள்.

மாலை கால்பந்துப் பயிற்சியில் வலது கணுக்கால் மடங்கிவிட்டது. எல்லோரும் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. கோல் கம்பத்திலிருந்து கீதாஞ்சலி மட்டும், "என்னா கலை, தரையில எத்தத் தேடுற?" என்று கத்தினாள். "பந்தத்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

குறுவட்டப் போட்டிக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. இரண்டு ஆட்டம். இரண்டிலும் ஜெயித்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, பந்தைத் தொடவே விடமாட்டார்கள். எனக்கு இருப்பது இந்த வருடம்தான்.

பி.டி. டீச்சர் ஜான்சி மிஸ்ஸிடம் சொன்னால் என் இடத்தில் ரேகாவை இறக்கிவிடுவார். சொல்ல மாட்டேன்.

22.7, செவ்வாய்

அம்மா விடியற்காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விடுகிறாள். அவள் போனதும் வாணலியில் கல்லுப்பை வறுத்து, துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். உப்புக்கா இந்த வீட்டில் பஞ்சம்? கொடுக்கும்போது சுகமாக இருந்தது. பள்ளிக்குப் போவதற்குள் வீங்கிவிட்டது.

23.7, புதன்

இன்று இரண்டு மடங்கு உப்பு. இரண்டு மடங்கு சூடு.

24.7, வியாழன்

நொண்டாமல் நடக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவைப் போல் நடக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் குதிகாலெல்லாம் வெடிப்பு. அதைத் தரையில் ஊன்றாமல், பாதத்தைத் தேய்த்தாற்போல் சின்னச் சின்ன அடியாக வைப்பாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சிக்கு மட்டும் வயிற்றுவலி என்று பொய்.

உள்ள எலும்பு உடைஞ்சிருக்குமோ? உடைஞ்சா இவ்ளோதான் வீங்குமா? உடைஞ்சிருந்தா நடக்கவே முடியாது இல்ல? அப்ப உடையல. உடையவே இல்ல.

25.7, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நில்லுடி. எதுக்கு என்ன மாதிரி நடக்குற?"

"சும்மாம்மா."

"சும்மா யாராச்சும் இப்படி நடப்பாங்களா? எனக்குத் தெரியாதா? காலக் காட்டு."

அடிப்பாள் என்று நினைத்தேன். வீக்கத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒத்தடத்தையும் சொன்னேன்.

"அதான் வாணலி கருகிக் கெடக்குதா? நாலு நாளா வறுத்த உப்பு வச்சிருக்கியே, அது என்னா காலா, கருவாடா?"

அழுதுகொண்டே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

26.7, சனி

எலும்பு உடையவில்லை! எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா சொன்னார்: தசைநார் இழுபட்டிருக்கிறது, புதுக் காயத்துக்குச் சூடு கொடுத்ததால்தான் இவ்வளவு வீக்கம், ஐஸ்தான் வைத்திருக்க வேண்டும்.

அம்மாவே மிஸ்ஸுக்கு போன் போட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மிஸ் என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அந்தக் கால்ல நிறுத்தாம இருபது நொண்டி அடிச்சுக் காட்டு. வலிக்காம அடிச்சன்னா கிரவுண்டுக்கு வா. அதுவரைக்கும் உன் பேர லிஸ்ட்லருந்து எடுக்க மாட்டேன்."

எடுக்க மாட்டாராம். இதை மூன்று முறை எழுதிப் பார்க்க ஆசை.

28.7, திங்கள்

கீதாஞ்சலி தன் அப்பாவின் மீன்பெட்டியிலிருந்து தினமும் ஐஸ் கொண்டுவருகிறாள். காலெல்லாம் மீன் வாடை. இன்று ஒரு பூனை பள்ளிக் கேட்டு வரைக்கும் என்கூடவே வந்தது. "உனக்கு ஒரு ரசிகையாச்சும் கெடைச்சாளே" என்கிறாள்.

1.8, வெள்ளி

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டுக்கு பூஜ்ஜியம். நான் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினேன், தொண்டை கட்டிவிட்டது. என் இடத்தில் ரேகா. நாங்கள் ஜெயிக்க வேண்டும், ஆனால் ரேகா கொஞ்சம் சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். அவள் சொதப்பவில்லை.

5.8, செவ்வாய்

பதினொரு நொண்டி. போன வாரம் இரண்டு.

8.8, வெள்ளி

இறுதி ஆட்டம். காலையிலேயே வானூர் மைதானத்தின் ஓரத்தில் மிஸ் என்னை நிற்க வைத்து எண்ணினார். பன்னிரண்டு வரை நன்றாகப் போனது. பதின்மூன்றில் சுரீர் என்றது. மிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் பள்ளிக்கூடத்தையே ஏமாற்றின முகம் இது, இன்னும் ஏழு நொண்டிக்குத் தாங்காதா? தாங்கும். பதினான்கும் அடித்தேன்.

நின்றுவிட்டேன். "வலிக்குது மிஸ்."

"அப்படியா? உன் மூஞ்சியப் பாத்து இருபது அடிச்சிடுவன்னுல்ல நெனச்சேன்."

என் ஷூவை ரேகாவிடம் கொடுத்தேன். அவள் ஷூ போன ஆட்டத்திலேயே வாய் பிளந்துவிட்டது. என்னுடையது அவளுக்குப் பெரிது, முன்னால் பேப்பர் சுருட்டி வைத்துக் கொடுத்தேன். "கலை, கோவமா?" என்றாள். "ஆமா. போய் ஆடு" என்றேன்.

கடைசி நிமிடத்தில் கீதாஞ்சலி கோலிலிருந்து ஓங்கி உதைத்த பந்து, கூட்டத்தில் தடுமாறிக்கொண்டிருந்த ரேகாவின் முட்டியில் பட்டு உள்ளே உருண்டது. ஒன்றுக்கு பூஜ்ஜியம். மாவட்டத்துக்குப் போகிறோம்!

"முட்டியால போட்டாலும் கோலு கோலுதாண்டி!" என்று ரேகா வேனில் வீடு வரும்வரை கத்திக்கொண்டே வந்தாள். நானும்தான் கத்தினேன். இந்த முறை வேண்டுதல் எதுவும் இல்லாமல்.

21.8, வியாழன்

பதினேழு.

6.9, சனி

நேற்று மிஸ் முன்னால் இருபது. வலி இல்லை, நிஜமாகவே இல்லை. நான் நிறுத்தாமல் போகவும் கீதாஞ்சலி, "போதும்டி, கிரவுண்டுல குழி வுழுந்துடும்" என்றாள். அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. ரேகாவும் நானும் பாதிப் பாதி ஆட்டம். முதல் பாதி அவள்.

இன்று விடுமுறை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வேலை முடிந்து இருவரும் பாத்தி வரப்பில் திரும்பினோம். அம்மா முன்னால், தேய்த்துத் தேய்த்து. நான் பின்னால், அவள் அடிக்குச் சரியாக. கொஞ்ச தூரம் போனதும் அவள் திரும்பிப் பார்க்காமலே ஒதுங்கி வழிவிட்டாள்.

"எதுக்குடி என் பின்னாலயே நடந்துனு வர? ஓடேன்."

தூக்குச்சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.