சாம்பல் நிற சுவெட்டர்

மயூர் விஹார், டெல்லி
24.8.2001

என்னங்க,

இந்தக் கடிதம் உங்கள் ஆபீஸ் தபால் பையில்தான் வந்து சேரும். வழியில் யாராவது பிரித்துப் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

அரசுப் பேச்சுவார்த்தைக்காகக் கொழும்புக்குப் போவதாகச் சொன்னீர்கள். பருத்திச் சட்டைகளாக அடுக்கி அனுப்பினேன். மறுநாள் மாடி வீட்டு இளவரசி உறைக்கு மோர் கேட்டு வந்தாள். வெளியுறவுக் கொள்கை எப்படி உருவாகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளே, அவள்தான்.

"அக்கா, சார் அந்த சாம்பல் கலர் சுவெட்டர எடுத்துட்டுப் போனாரா?"

பேச்சுவார்த்தை எந்த ஊரில் என்று தெரிந்துகொள்ள என் வாயைப் பிடுங்குகிறாள் என்று புரிந்தது. சோதித்துப் பார்க்கத்தான், "ஆமாம்மா, எடுத்துட்டுதான் போனாரு" என்று பொய் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவள் கட்டுரை வந்தது. பேச்சுவார்த்தை ஏதோ ஒரு குளிர்நாட்டில் நடக்கிறதாம். என் பொய்யை நம்பிக் கட்டுரையே எழுதிவிட்டாள் என்று சிரித்தபடி பீரோவைத் திறந்தேன். சுவெட்டர் அங்கே இல்லை.

போகிற ஊரை என்னிடம் மறைத்தது உங்கள் உத்தியோகம். அதை விட்டுவிடுகிறேன். ஆனால் இளவரசி இங்கே குடிவந்தது ஏப்ரலில். அதற்குப் பிறகு இன்னும் குளிர்காலமே வரவில்லை. உங்கள் சுவெட்டரின் நிறம் அவளுக்கு எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
உங்கள் பெட்டியை அடுக்கியவள்