எனக்கு ஒதுக்கிய மஞ்சள் கட்டம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், முட்டி மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி பட்டாணியும் சுகமாக இருக்கிறீர்களா, உன் கழுத்து வலி விட்டதா, கம்ப்யூட்டர் முன்னால் கோழி மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்காராதே என்று சொன்னால் நீ எங்கே கேட்கிறாய். உன் தம்பிக்குப் புது ரூட் போட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ், ஏறுறவங்க எல்லாம் முனகிக்கிட்டே ஏறுறாங்க அம்மா, எனக்கே காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு என்கிறான். நான் இன்னும் காலையில் மட்டும் லாண்டரிக்குப் போய்வருகிறேன், துணிக்கு இஸ்திரி போடுகிற ரோலர் பக்கம் என்னை விடுவதில்லை, தலையணை உறை மடிக்கிற மேசையில் உட்கார்த்திவிட்டார்கள். போனில் சொல்லாமல் என்ன இது கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறாய், நான் முக்கியமானதைத் தொடங்கும்போது உன் வண்டிக்குள் இருக்கிற பெண்குரல் இடதுபக்கம் திரும்பு என்கிறது, நீ அது சொல்வதைத்தான் கேட்கிறாய். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் வண்டி ஓட்ட முடியாது. ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழையைப் பார்க்காமல் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மணிக்கு நீ டைம்டேபிள் போட்டுக் கொடுத்தபடியே பட்டாணி போனில் வந்தாள். நான் முகம் கழுவி, தலை வாரி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குரல் மட்டும்தான் போகும் என்று தெரிந்தும் தலை வாரினேன். சாப்பிட்டேன் பாட்டி, ஸ்கூல் நல்லா இருக்கு பாட்டி, ஹோம்வொர்க் முடிச்சிட்டேன் பாட்டி என்று ஒப்பித்தாள். நான் கீழ்க்கடை வாசலில் பூனை குட்டி போட்ட கதையை எடுத்தேன். முதல் குட்டி இன்ன நிறம், இரண்டாவது இன்ன நிறம் என்று சொல்லி மூன்றாவதுக்கு வந்தேன், அங்கே டிங் என்று ஒரு சத்தம். பாட்டி, மணி அடிச்சிடுச்சு, வச்சிடவா என்றாள். என்னடி மணி என்றேன். உன் டைம் முடிஞ்சிடுச்சு பாட்டி, அடுத்து நீச்சல், அம்மா பிரிட்ஜ்ல ஒட்டியிருக்காங்கல்ல, உனக்கு மஞ்சள் கலர், நீச்சலுக்கு நீலம், உன் கட்டம் சின்னது பாட்டி, நீச்சல் கட்டம்தான் பெரிசு என்றாள். குத்திக்காட்டவில்லை, அவளுக்கு அது தெரியாது, இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள். சரிடா கண்ணு, ஈரத்தலையோட நிக்காதே என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்றாவது குட்டி என் வாயிலேயே நின்றுவிட்டது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் வந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டு உன்னை ஒரு பிடி பிடித்திருப்பேன், என்னை உனக்குத் தெரியும். கோபம் வரவில்லையே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மறுநாள் தலையணை உறை மடித்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, எதிரில் இருக்கிறவள் என்னக்கா என்கிறாள், சோப்புத்தூள் என்றேன், அவளும் அந்த இடத்தில் காலம் தள்ளுகிறவள்தானே, மடிக்கிற மேசைக்கு ஏது சோப்புத்தூள் என்று அவளுக்குத் தெரியும், என் பங்கு உறையையும் இழுத்து மடித்தாள். அபாகஸ், டிராயிங், பியானோ, நீச்சல், அதோடு பாட்டி. நானும் ஒரு கிளாஸ் ஆகிவிட்டேன் மகளே, அதுவும் சின்ன கிளாஸ்.

இது எங்கே தொடங்கியது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. போன பெரிய லீவுக்கு அவளை என்னிடம் விட்டுப் போனாய், கூடவே அந்த டேப்லெட்டையும், எந்த நேரத்தில் எந்த கிளாஸுக்கு எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்ற பாடத்தையும் விட்டுப் போனாய். முதல் நாள் மத்தியானம் கிளாஸ் எதுவும் இல்லை. போய் விளையாடுடி என்றேன். என்ன விளையாடணும் என்றாள். உனக்குப் பிடிச்சது என்றேன். எப்ப முடியும் என்றாள். சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால் வீட்டில் இருக்கிற நாற்காலிகளை எல்லாம் வரிசையாகப் போட்டு, என் துண்டுகளைச் சுருட்டிச் சுருட்டி ஒவ்வொன்றிலும் நிற்க வைத்து, கடைசி நாற்காலியில் தானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன விளையாட்டு இது என்றேன். வெயிட்டிங் பாட்டி, இவங்க எல்லாம் டான்ஸ் கிளாஸுக்கு வந்திருக்காங்க என்றாள். கிளாஸ் எப்ப ஆரம்பிக்கும் என்றேன். ஆரம்பிக்காது பாட்டி, இது வெயிட்டிங் மட்டும்தான், அப்பத்தான் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க என்றாள். ஏழு வயசுப் பிள்ளை. நான் ஒரு துண்டை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

அதற்கப்புறம்தான் அந்த அட்டைப்பெட்டி. கீழ்க்கடைக்காரரோடு நான் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும், மாடிப்படி வாசலில் ஸ்பீக்கர் வைத்து என் உயிரை எடுத்தவர், எனக்குப் படி ஏறும் வழியை மறித்து மூன்று வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டு ஓரமா வாங்கம்மா என்றவர். அவர் கடைக்கு ஒரு பெரிய பிரிட்ஜ் வந்து இறங்கியது, பெட்டியைப் பிரித்து ஓரமாகச் சாய்த்திருந்தார்கள், பட்டாணி ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போனேன். அந்த மனுஷர் என்னைக் கண்டதும், என்னம்மா, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சான் இன்னைக்கு என்றார். பிள்ளைக்குப் பெட்டி வேணும், சூரியனை அப்புறம் பார்த்துக்கலாம் என்றேன். அவரே மேலே தூக்கி வந்து போட்டார். இரண்டு நாள் அவள் அதைத் தொடவில்லை, அதுக்கு என்ன பண்ணணும்னு எங்கே எழுதியிருக்கு என்று அட்டையின் நாலு பக்கமும் தேடினாள். பிறகு உள்ளே நுழைந்தாள். அவ்வளவுதான். கதவு வைத்தாள், கதவை மாற்றி வைத்தாள், மேலே ஓட்டை போட்டு அதன் வழியாகக் கையை மட்டும் நீட்டி ரொட்டி வாங்கிக்கொண்டாள், முழங்கையெல்லாம் பசை. உள்ளே என்னடி பண்றே என்று கேட்டால், சும்மா பாட்டி என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டது அப்போதுதான்.

தலையணை விஷயத்துக்கு வருகிறேன், உனக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். அபாகஸ் நேரம் வந்தது, கூப்பிட்டேன், பெட்டிக்குள்ளிருந்து குரல் வரவில்லை, எட்டிப் பார்த்தால் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அட்டையில் ஜன்னல் வரைந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அவளை இழுத்து வர மனசு வரவில்லை. தலையணைக்கு அவள் தொப்பியை மாட்டி, அவள் சட்டையைச் சுற்றி, டேப்லெட் முன்னால் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தேன். மறுநாளும் வைத்தேன். உங்கள் மகள் இப்போது ஆடாமல் அசையாமல் அமர்ந்து கவனிக்கிறாள் என்று டீச்சர் உனக்கு எழுதினார்கள், நீயும் சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னாய், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம்மா ரொம்பப் பொறுப்பு வந்துடுச்சு என்றேன். அந்த கிளாஸையெல்லாம் படம் பிடித்துப் பெற்றவர்களுக்கு அனுப்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். நீ ஆபீஸில் உட்கார்ந்து ஒரு தலையணையை ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறாய். உன் நாத்தனாரும் பார்த்தாளாமே. அவளுக்கு என்ன அங்கே வேலை. குழந்தையைச் சும்மா விட்டால் உருப்படாமல் போய்விடும் என்று உனக்கு முதலில் ஓதியவள் அவள்தான், உன் கல்யாணத்தில் நான் நின்றுகொண்டிருக்க என் நாற்காலியில் தன் கைப்பையை உட்கார்த்தியவள். எதையும் நான் மறக்கவில்லை.

லீவு முடியும் முன்பே நீ வந்து நின்றாய். நீ கத்தியிருந்தால்கூடத் தேவலை. பெட்டியை மடி, கிளம்பு என்றாய், அவ்வளவுதான். பட்டாணி அழவில்லை. தானே பெட்டியின் மடிப்புகளைப் பிரித்தாள், தானே மிதித்துத் தட்டையாக்கினாள், ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்தாள். அது என்ன விளையாட்டு என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்போதுதான் சமையலறையில் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். நீ என்னை விட்ட மாதிரி என் பிள்ளையை நான் விடமாட்டேன் அம்மா என்றாய். நான் என்னடி விட்டேன், மத்தியானம் முழுக்க நீ விளையாடிக்கொண்டுதானே இருந்தாய், ராணி மாதிரி இருந்தாயே என்றேன். விளையாடினேனா, ஜன்னல்கிட்ட உக்காந்து நீ வர்ற தெருமுனையையே பாத்துக்கிட்டிருந்தேன், லாண்டரி சங்கு ஊதற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தேன், ஒரு கிளாஸ் இருந்திருந்தா அங்கயாவது யாராவது இருந்திருப்பாங்க என்றாய். சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவினாய், ஏற்கெனவே கழுவின டம்ளர்.

என் ஞாபகத்தைப் பற்றி நான் பெருமை பேசாத ஆள் கிடையாது. யார் எந்த வருஷம் என்ன சொன்னார்கள், எந்தப் புடவையில் சொன்னார்கள் என்று கேள், சொல்கிறேன். ஆனால் நான் இல்லாத அறை எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும். நான் படியேறி வரும்போது நீ வாசலில் குதித்துக்கொண்டு நிற்பாய், முழு மத்தியானமும் நீ அப்படித்தான் இருந்திருப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்துவிட்டேன். அன்றைக்கு உனக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கோர்வையாக வராது. நீ இருந்தது காலி வீடு, உன் தம்பிகூட அப்போது பிறக்கவில்லை. பட்டாணி கேட்பது காலி நேரம். இரண்டும் ஒன்றில்லை மகளே. அவள் பெட்டிக்குள் சும்மா இருந்தபோது நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவ்வப்போது பாட்டி என்பாள், என்னடி என்பேன், ஒண்ணுமில்லை என்பாள். அந்த ஒண்ணுமில்லைக்குப் பதில் சொல்ல உனக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அவளுக்கு ஆள் இருக்கிறது, நீ இருக்கிறாய், நேரம்தான் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன், முடியாது என்று சொல்லாதே. நீச்சலை நிறுத்தச் சொல்லமாட்டேன், நீ அனுப்பிய படத்தில் தண்ணீரை விட்டு வெளியே வரும்போது அவள் சிரித்தாளே, அது அவளுடைய சிரிப்பு, அது இருக்கட்டும். பியானோ உன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் அபாகஸ் இருக்கிறது, எனக்குப் பின்னால் நீச்சல். அந்த அபாகஸை எடுத்துவிட்டு என் கட்டத்தையும் அழித்துவிட்டால் சாப்பாட்டுக்கு அப்புறம் நீச்சல் வரைக்கும் ஒரே வெள்ளை. அபாகஸை அழிக்க உனக்கு முதலில் கை வராது, அதனால் முதலில் என்னை அழி. இந்த லீவுக்கும் கேம்ப் இருக்கிறது, அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டாய், எனக்கு மிச்சம் இருப்பது அந்த மஞ்சள் ஒன்றுதான், தெரிந்துதான் சொல்கிறேன். அழித்த இடத்தில் வேறு கலர் அடித்துவிடாதே. சும்மா என்று எழுதியும் வைக்காதே, எழுதிவிட்டால் அதுவும் ஒரு கிளாஸ் ஆகிவிடும். அந்த நேரத்தில் நீ வீட்டில் இரு, பக்கத்து அறையில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு இரு. அம்மா என்பாள், என்னடி என்று மட்டும் சொல். போரடிக்குது என்று முதலில் உன் உயிரை எடுப்பாள், எடுக்கட்டும், எழுந்து ஓடாதே. என்றைக்காவது அவளாகவே, மணி எதுவும் அடிக்காமல், பாட்டி அந்த மூணாவது குட்டி என்ன நிறம் என்று கேட்கத் தோன்றினால் கூப்பிடட்டும். தோன்றவில்லை என்றால் நீ ஞாபகப்படுத்தாதே. பாட்டி எங்கே என்று கேட்டால் லாண்டரியில் வேலை அதிகம் என்று சொல்லிவிடு.

அந்த அட்டையை நான் எறியவில்லை, அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது, வீடு பெருக்கும்போது ஒவ்வொரு தடவையும் அவள் வரைந்த ஜன்னல் கண்ணில் படுகிறது. கீழ்க்கடைக்காரர் இன்னொரு பெட்டி வந்திருக்கும்மா, எடுத்து வைக்கட்டுமா, பேத்தி எப்ப வர்றா என்று கேட்கிறார். வரும்போது சொல்றேன் என்று மேலே வந்துவிடுகிறேன். ஸ்பீக்கரைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்வதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பட்டாணியும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள், என் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உங்களுக்கே. உன் நாத்தனாரை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். கழுத்துக்குத் தைலம் தேய்க்க மறக்காதே. இன்னொன்றும் மறக்காதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பழக்கத்தில் கூப்பிட்டுவிடாதே. எடுக்கக் கூடாது என்றுதான் இருப்பேன், ஆனால் மணி அடித்தால் எடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அந்தத் தெருமுனையில் சீக்கிரம் வந்திருக்க வேண்டிய
உன் அம்மா