ரஃப் நோட்டில் கிழித்த பக்கம்

கீழ்பென்னாத்தூர்
2-7-1979

என் கஸ்தூரிக்கு,

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள், “பரீட்சைல பெயிலாம்மா?” என்று கேட்டார். அரசாங்க நிலத்தடி நீர் ஆபீசில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சி முடிந்ததற்கு அழுகிறேன் என்றால் சிரித்திருப்பார்.

வழியனுப்பு விழாவில் என் ஜாங்கிரியில் பாதியை நீ தின்றதை மறக்கமாட்டேன். ஞாபகத்துக்கு என் ரஃப் நோட்டைக் கேட்டாய், கொடுத்துவிட்டேன். கிணற்று அளவுகளுக்கு நடுவில் நீ வரைந்த ஆபீசர் மீசை அதில்தானே இருக்கிறது! ஆனால் ஒரே கனெக்‌ஷனில் யார் யார் திருட்டுத்தனமாக இரண்டாவது மோட்டார் ஓட்டுகிறார்கள் என்பதும் இருக்கிறது. தண்ணீர்க் கணக்கு சரியாக வரவேண்டுமே என்று பெயரோடு குறித்தேன். “வெளிய போவாதுக்கா” என்று பக்கத்துக் கிணற்று ராணியம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்திரம்டி.

உன் தனம்

திருவண்ணாமலை
11-7-1979

தனம் கண்ணு,

பழுப்புக் கவரைப் பார்த்துப் பயந்துவிட்டாயா? ஆபீஸ் கவர்தான்! நம் ஆபீசிலேயே எனக்குத் தற்காலிக வேலை கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் மில் மூடியதிலிருந்து எங்கள் வீட்டில் இன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. நம் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் நாற்காலியில் என் பையை வைத்திருக்கிறேன், வேறு யாரும் உட்காரக் கூடாதே.

நோட்டு பத்திரமாக இருக்கிறது.

உன் கஸ்தூரி

கீழ்பென்னாத்தூர்
20-7-1979

கஸ்தூரிக்கு,

நேற்று மின்சாரக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். கையில் ஒரு பட்டியல். எங்கள் பக்கத்தில் ஏழு கிணறுகளுக்கு பீஸ் கட்டையைப் பிடுங்கி, கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். சொர்ணவாரி நெல் கதிர் தள்ளுகிற நேரம். இரண்டு மோட்டார் ஓடும் கிணறுகளில் எங்களுடையதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ராணியம்மாள் வீட்டுக்காரர் சடையன் எங்கள் வாசலில் நின்று, “உன் மவ எழுதிக்கினு போனப்பவே நெனச்சேன். உன் கெணத்த மட்டும் எப்பிடிய்யா உட்டாங்க?” என்று அப்பாவைக் கேட்டார்.

நோட்டு எங்கே கஸ்தூரி?

தனம்

திருவண்ணாமலை
24-7-1979

தனம்,

திட்டு, அடி, ஆனால் முழுசாகப் படி. விழா முடிந்து நீ பஸ்ஸுக்கு ஓடிய பிறகு, “இவ்வளவு துல்லியமாக எப்படி எடுத்தீர்கள்?” என்று ஆபீசர் கேட்டார். நம் உழைப்பு தெரியட்டும் என்று நோட்டைக் காட்டினேன். இரண்டு நாள் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார். மின்சாரக்காரர்களின் பட்டியல் அதிலிருந்து போனதுதான். அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொன்னார். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பத்திரமாக இருக்கிறது என்று எழுதியது பொய்.

ஆனால் கொடுக்கும் முன்பே உங்கள் அப்பா பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டேன். உன்னை விட்டுக்கொடுப்பேனா? இதோடு அனுப்பியிருக்கிறேன். அடுப்பில் போட்டுவிடு. நான் கொடுத்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே.

கஸ்தூரி

கீழ்பென்னாத்தூர்
6-8-1979

கஸ்தூரி அவர்களுக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. எழுதியது நான், கொடுத்ததும் நான். உங்களிடம் கொடுத்தேனே, அது போதாதா?

பக்கத்தை அடுப்பில் போடவில்லை. அப்பாவிடம் காட்டினேன். “குடுத்துட்டு வந்துடும்மா” என்றார். சென்ற திங்கட்கிழமை நானே ஆபீசில் கொடுத்தேன். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். என் நாற்காலியில் உங்கள் பை இருந்தது. வியாழக்கிழமை எங்கள் பீஸ் கட்டையும் போய்விட்டது.

அதனால் எதுவும் சரியாகவில்லை. “இப்ப புடுங்கி இன்னா, எங்க நெல்லு காஞ்சுது காஞ்சதுதான்” என்றாள் ராணியம்மாள். மே மாத வெயிலில் நாம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மோர் கொடுத்தவள் அவள். நீங்கள் இரண்டு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். எங்கள் பக்கத்தைக் கிழிக்கத் தெரிந்த உங்களுக்கு அவள் பக்கத்தையும் கிழிக்கத் தெரியவில்லை.

இனி எழுதாதீர்கள். உங்கள் போன கவரைத் தபால்காரர் தருமன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் என்னிடம் நீட்டினார். ஆபீஸ் முத்திரை போட்ட பழுப்புக் கவர். பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இப்படிக்கு,
அ. தனம்