பதினைந்து நிமிடம் கேட்பவர்

காளி மாமா,

வேலைக்கு வந்த கூலிம் ஊரில் நான் சுகம். நீங்கள் சுகமா என்று எழுதத்தான் கை போகிறது. நீங்கள் தவறி எட்டு மாதம் ஆகிவிட்டது.

போன வாரம் நம் லோஷினியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். ஃபேக்டரியில் லீவு கேட்டு நம் ஊர் மெர்போக்குக்கு வந்தேன். வருசா வருசம் தரும் அதே ஒப்பந்தத் தாள்தான். தினமும் பதினைந்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்போம் என்று கையெழுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் நீங்கள்தான் போடுவீர்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த அலுப்பில் பாதிக் கதையிலேயே தலை சாயும். அவள் உங்கள் காதைத் திருகினால், "தூங்கல லா, கண்ண மூடிக்கிட்டு கேக்குறேன்" என்பீர்கள்.

"நீங்க கூலிம்ல இருக்கீங்க. யாரு கேப்பா? பிள்ளைய பாத்துக்கிற பெரியம்மா பேர எழுதட்டுமா?" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர், அவ அப்பாவே கேப்பாரு. படத்துக்கு முன்னாடி உக்காந்து வாசிப்பா" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தாளில் உங்கள் பெயரையே எழுதிக்கொண்டார்.

அவள் உங்கள் படத்துக்கு முன்னால் வாசிக்கத்தான் இந்தக் கடிதம். என் நாலாம் வகுப்புக் கையெழுத்தைப் பிள்ளை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். பதினைந்து நிமிடம் வராவிட்டால் இரண்டு தடவை வாசிக்கட்டும்.

லோஷினி, பெரியம்மாவிடம் சொல்லி அப்பா படத்தைக் கொஞ்சம் இறக்கி மாட்டு. அண்ணாந்தே இருந்தால் கழுத்து வலிக்கும். அப்பாவின் முழுக்கைச் சட்டையை அனுப்பச் சொல். இங்கே ஏர்கோன் குளிர் தாங்கவில்லை.

வேலை பஸ் வந்துவிட்டது. உங்கள் விமலா கேட்கிறேன், மாமா: இவள் வாசிப்பது காதில் விழுகிறதா, இப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்கிறீர்களா?